சேனை வைக்கப் போன விமானம்

எனக்குச் சேனை வைத்தவர் என் அப்பாவின் தாய்மாமன். எங்கள் ஊர் கோம்பையில் அவர் சண்டை போடாத வாசல் கிடையாது என்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குத்தான் சேனை என்று பெயர். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு அப்படியே இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் சாந்தமான ஆளாகப் பார்த்து, அழைத்து வந்து வைக்கச் சொல்வார்கள். நான் பிறந்த அன்று ஊரில் இருந்த சாந்தமான ஆட்களெல்லாம் எங்கே தொலைந்தார்களோ தெரியவில்லை. அந்த மனிதர் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே, "சேனை வச்ச கை அப்பிடி, அவளச் சொல்லிக் குத்தமில்ல" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். கோம்பையில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். திராட்சை, வாழை, தென்னை என்று எல்லாத் தோட்டக்காரர்களும் வருவார்கள். ஒரு டேங்குக்கு ஒரு மூடி மருந்து ஊற்று என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினால், மூன்று மூடி ஊற்றிவிட்டு, கொடி கருகிப் போச்சு என்று வாடிய இலையைக் கொண்டு வந்து மேசையில் போடுவார்கள். கோபம் வருமா, வராதா? எனக்கு வரும். "மருந்துன்னு நெனச்சு ஊத்துனியா, பாயாசம்னு நெனச்சு ஊத்துனியா?" என்று கேட்டுவிடுவேன். வெளியூரிலிருந்து கோம்பை நாய்க்குட்டி வாங்க வருகிறவர்களிடம், "காவலுக்குத்தான கேக்குறீக? நாய் எதுக்கு, எதுத்த கடை அக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதாவது, போட்டுக்கொண்டு, பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் ஓய்வேன்.

இப்படிப்பட்டவளைத்தான் என் தம்பி மனைவி சேனை வைக்கக் கூப்பிட்டாள்.

தம்பிக்குத் துபாயில் ஏசி ரிப்பேர் வேலை. மனைவியையும் அங்கேயே அழைத்துக்கொண்டான். அவள் ஜெயமங்கலத்துப் பெண். அவள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே பாதிதான் கேட்கும். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து அலைந்து, ஒருவழியாக உண்டானபோது சந்தோஷத்தைச் சத்தமாகச் சொல்லக்கூட நாங்கள் பயந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரண்டு வீட்டுக்கும் ஆசை. ஆனால் டாக்டர் அவளை விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுடைய அம்மாவுக்கோ முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடு. பிரசவம் அங்கேயே என்று முடிவாயிற்று.

ஒருநாள் கடையில் இருக்கும்போது அவளே போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது அபூர்வம். எடுத்தவுடன், "மதினி, எம் புள்ளைக்கு நீங்கதேன் வந்து சேனை வைக்கணும்" என்றாள்.

நான் சிரித்தேன். "ஏ புள்ள, தெரிஞ்சுதேன் பேசுறியா? நான் வச்சா ஒம் புள்ள பொறந்த அன்னிக்கே டாக்டரோட மல்லுக்கு நிக்கும்."

"தெரிஞ்சுதேன் பேசுறேன் மதினி."

அவ்வளவுதான் பேச்சு. இந்த வயது வரைக்கும் என்னை யாரும் எதற்கும் இப்படிக் கேட்டதில்லை. விசேஷ வீட்டில் பந்தியைக் கவனிக்கக் கூப்பிடுவார்கள், உரம் பற்றாக்குறை என்றால் ஏஜென்டோடு சண்டை போடக் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளையின் நாக்கைத் தொட என்னைக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

அவளுடைய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மறுநாளே போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். "தப்பா நெனைக்காதீக. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க, அது சந்தோசம். சேனைய மட்டும் அங்கன சாந்தமான ஆளு யாரையாச்சும் பாத்து வைக்கச் சொல்லிருங்க. பச்சப்புள்ள பாருங்க." தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டுச் சொல்கிற வார்த்தையை எப்படித் தப்பாக நினைக்காமல் இருப்பது? சுருக்கென்றது. ஆனால் அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதம் கோபப்படுவதில்லை. என் குணம்தான் இறங்கும் என்றால், இறங்குவதற்குள் குணத்தைக் கொஞ்சம் துடைத்து வைப்போம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்கு வந்தவர்கள் மிரண்டு போனார்கள். வருஷநாட்டுப் பக்கமிருந்து வந்த ஒருவர், தென்னைக்கு வாங்கிப் போன மருந்தைக் கத்தரிக்கு அடித்துவிட்டு வந்து நின்றார். நான் அவருக்கு நாற்காலி போட்டு, "பரவாயில்லண்ணே, இனிமே பாத்து அடிங்க" என்றேன். அவர் நாற்காலியில் உட்காராமல் கடைப்பையனிடம், "அக்காவுக்கு மேலுக்கு முடியலையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். குழம்பில் நான் உப்பை அள்ளிக் கொட்டியிருந்ததை அவரும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று நானும் சண்டைக்குப் போகவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "இந்தா, தேனிக்குப் போயி ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா?" என்றார். பிறவியிலேயே அமைதியான மனுஷன் அவர். அவருக்குச் சேனை வைத்தது யார் என்று கேட்டு, அந்த ஆளையே துபாய்க்கு அனுப்பியிருக்கலாம்.

டாக்டர் குறித்த நாளுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே போய்ச் சேரும்படி தம்பி டிக்கெட் போட்டிருந்தான். மதுரையிலிருந்து காலை விமானம். விடிவதற்கு வெகு முன்னாலேயே காரில் கிளம்பினோம். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வீட்டுக்காரர், "போற எடத்துல யாருகிட்டயும் எகிறாத" என்றார். "நான் எங்க எகிறுறேன்?" என்று அமைதியாகக் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு முஸ்லிம் அம்மா. எங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தமபாளையத்துக்காரர். மகனைப் பார்க்க ஆண்டுதோறும் துபாய் போய் வருகிறவர். எனக்கு இதுதான் முதல் விமானம் என்றதும், பெல்ட்டைப் போட்டுக் காட்டி, ஜன்னல் பக்கத்தையும் விட்டுக் கொடுத்தார்கள். ஊர்ப் பேரைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது வந்துவிட்டார்கள். நான் எதற்காகப் போகிறேன் என்பதையும் சொன்னேன். "எங்கள்லயும் உண்டும்மா. பேரீச்சம்பழத்த மென்னு தொட்டு வைப்பாக, காதுல பாங்கு சொல்லுவாக" என்றார்கள். அவர்கள் குரலே தாலாட்டு மாதிரி இருந்தது.

கதவைச் சாத்தினார்கள். விமானம் மெதுவாக நகர்ந்தது. நான் இருக்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தை நினைத்தேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பிறகு பைலட் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது நேவிகேஷன் என்ற ஒரு வார்த்தைதான். விமானம் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. எல்லோரையும் இறக்கி மறுபடி ஹாலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். உசிலம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "திரும்பி வரவா?" என்றார். "நீங்க வந்து என்ன விமானத்தத் தள்ளவா போறீக? வீட்டுக்குப் போங்க" என்றேன். சொன்ன பிறகு அது கோபத்தில் சேருமா, கிண்டலில் சேருமா என்று யோசித்து, கிண்டல் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் வெயிலில் நின்றது. மூக்குக்குக் கீழே மூடி ஒன்றைத் திறந்து, ஏணி போட்டு, ஒரு ஆள் தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் போர்வெல் மோட்டார் நின்றால் மெக்கானிக் இப்படித்தான் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். சுற்றி நாலு பேர் யோசனை சொல்வார்கள். இங்கே யோசனை சொல்கிறவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

மேசையில் விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி நின்றாள். சின்னப் பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு. வந்து வந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். "விமானம் எங்க இருக்கு, எந்தத் திசையில போகுதுன்னு சொல்ற கருவி மூணு இருக்கு சார். மூணும் ஒரே இடத்தச் சொல்லணும். அதுல ஒண்ணு மட்டும் வேற இடத்தச் சொல்லுது. அதை மாத்தணும். சென்னையில இருந்து இன்ஜினியரும் பார்ட்ஸும் வந்துக்கிட்டு இருக்கு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நின்ற இடமே தெரியாத ஒன்றை நம்பி எப்படிக் கிளம்புவது? போய் உட்கார்ந்தேன். உத்தமபாளையத்து அம்மா டப்பாவைத் திறந்து இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொடுத்தார்கள். நான் கொண்டு வந்திருந்த பன்னீர் திராட்சையை எடுத்து வைத்தேன். சாப்பிட்டோம். அவர்கள் தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டினார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம் கூட எரிச்சலால் விழுந்ததாகத் தெரியவில்லை. இப்படி இருக்க எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று பொறாமையாக இருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி போன் செய்தான். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். எங்கன இருக்க? ஏறிட்டியா?"

"இன்னும் மதுரையிலதேன்டா இருக்கேன்."

"அவ கேட்டுக்கிட்டே இருக்காக்கா. மதினி வந்துட்டாகளான்னு" என்றான்.

"வந்துருவாகன்னு சொல்லு. பயப்படாதன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டேன். சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கி, அவள் பக்கத்தில் நின்றிருப்பேன். அவளுக்கு அங்கே அம்மா இல்லை, அக்கா தங்கை இல்லை. புருஷன் ஒருத்தன், அவனும் ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவன். அவள் வாயைத் திறந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால்? வேறு யாராவது முந்திக்கொண்டு வைத்துவிட்டால்? கண்ணாடிக்கு வெளியே ஏணியை விட்டு அந்த ஆள் இறங்கிப் போய் வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கைப்பையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு, எல்லா நாளையும்விட இன்றைக்கு, கோபப்படவே கூடாது.

அப்போதுதான் மேசைப் பக்கம் சத்தம் கூடியது.

ஏழெட்டு ஆண்கள் அந்தப் பெண்ணைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மேசையில் ஓங்கி ஓங்கி அடித்துப் பேசினார். "மூணுல ரெண்டு சரியாத்தான இருக்கு? ரெண்டு போதும்ல? எங்க கம்பத்து ஜீப்புக்காரன் கண்ணக் கட்டி விட்டாலும் பனியில குமுளி மலை ஏறுவான். தெனம் போற ரூட்டுல ஒங்க பைலட்டுக்கு வழி தெரியாதா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. அந்தப் பெண் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து, "ஒம் பேரு என்ன, காட்டு. இன்னிக்கு ஒன் வேலையத் தூக்குறேன்" என்றார். கூடவே இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் தலை இழுத்த பக்கம் சாய்ந்தது. கண் நிறைந்துவிட்டது. அப்போதும் "சாரி சார்" என்றுதான் சொன்னாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் என் குரல் எனக்கே கேட்டது.

"ஏலே, கைய எடு! மொதல்ல அந்தப் புள்ள மேல இருந்து கைய எடு!"

அந்த ஆள் திரும்பினார். "நீங்க யாரு?"

"நான் யாரா இருந்தா ஒனக்கென்ன? ரெண்டு போதும்ங்குறியே, எந்த ரெண்டு சரின்னு ஒனக்குத் தெரியுமா? ஒங்க ஜீப்புக்காரன் வழி தப்புனா எறங்கி டீக்கடையில கேப்பான். இது கடலுக்கு மேல போற வண்டி. அங்கன எவன்கிட்ட நிறுத்தி வழி கேப்ப? கோளாறுன்னு உள்ளதச் சொல்லி எறக்கி விட்டாகளே, அதுக்கு ஒரு கும்புடு போட்டியா? சொல்லாமக் கொள்ளாம ஏத்திட்டுப் போயிருந்தா இங்கன நின்னு எகிற நீயி இருப்பியா? இந்தப் புள்ளையா கருவியக் கெடுத்துச்சு? அழுக அழுக சாரி சொல்லுது, அதுகிட்டப் போயி ஒன் வீரத்தக் காட்டுற. கூறுகெட்ட மனுசா! எனக்கு அங்கன எந்தம்பி பொண்டாட்டி வலியில கெடக்குறா. நானே வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துருக்கேன். ஒனக்கு என்ன கொள்ள போகுது? மன்னிப்புக் கேளு. கேட்டுட்டுப் போயி ஒக்காரு!"

அந்த ஆள் நாலு பக்கமும் பார்த்தார். சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. "சரிம்மா, சரி, ஏதோ டென்ஷன்ல" என்று முனகி, அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாரி" என்றார். போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

என் இருக்கைக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, போச்சே! ஒரு மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் பொசுக்கென்று கொட்டிவிட்டேனே. அதுவும் பிள்ளை பிறக்கிற நாளில். அந்த ஜெயமங்கலத்து அம்மா சொன்னது சரிதான், இந்தக் கை பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. அழுகை வந்தது. நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. மறுபடி அந்த ஆள் கையை நீட்டினால் மறுபடியும் எழுந்திருப்பேன். ஆனால் நான் மாறவே மாட்டேன் என்பது தெரிந்துபோனதுதான் தாங்கவில்லை.

அந்தப் பெண் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "குடிங்கம்மா" என்றாள். என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

உத்தமபாளையத்து அம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, ஒரு ஒதவி. எங்க புள்ளைக்கு நீங்க வந்து சேனை வைக்கிறீகளா? ஒங்கள மாதிரி ஒருத்தவுக கைதேன் வேணும்."

அவர்கள் மணியை நிறுத்தினார்கள். "வைக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல தாயி. நம்ம பக்கத்துப் புள்ள, சந்தோசமா வர்றேன். ஆனா அந்தப் புள்ள ஒன்னயத்தான கேட்டுச்சு?"

"தெரியாமக் கேட்டுருச்சும்மா."

அவர்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றார்கள்.

சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்து சேர்ந்தார். மறுபடி ஏணி, மறுபடி மூடி. வெயில் சாயத் தொடங்கியபோது அந்தப் பெண் மைக்கில், "புதுக் கருவி மாத்தியாச்சு. மூணும் இப்ப ஒரே இடத்தச் சொல்லுது. எல்லாரும் வரலாம்" என்று அறிவித்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரரும் தட்டினார். ஏறி உட்கார்ந்து, போனை அணைக்கப் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இந்தா, நீ செல்லுல வந்துட்ட."

"என்ன செல்லுல?"

"எவனோ நீ கத்துனத வீடியோ எடுத்து விட்டுட்டான். கோம்பையில எல்லார் கையிலயும் ஓடுது. டீக்கடையில மூணாவது வாட்டி போட்டுப் பாக்குறாக. எகிறாதன்னு சொல்லித்தான அனுப்புனேன்?"

சரியாகப் போயிற்று. மானம் மரியாதை எல்லாம் நமக்கு முன்னாலேயே விமானம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனை அணைத்தேன்.

மேலே எழும்பியபோது பயமே வரவில்லை. நிலம் சிறுத்து, பிறகு கடல் வந்தது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி நீலம். மலை இல்லை, மரம் இல்லை, ஊர்ப் பலகை இல்லை. கேட்பதற்கு ஒரு ஆள் கிடையாது. காத்திருந்தது நல்லதுதான் என்று முழு மனதோடு நினைத்தேன். ஆனால் அந்த நல்லதால் எனக்குக் கிடைக்க வேண்டியது கைநழுவிப் போய்விட்டது என்பதும் கூடவே இருந்தது.

இறங்கிப் போனைப் போட்டதும் தம்பியின் செய்தி வந்து விழுந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பிறந்து வெகு நேரமாகியிருந்தது. விமானத்தின் வாசற்படியிலேயே நின்று அழுதேன், சந்தோஷமா வருத்தமா என்று பிரிக்கத் தெரியாத அழுகை. பின்னால் நின்றவர்கள் ஒருவரும் என்னை நகரச் சொல்லவில்லை. மதுரையில் என் வாயைப் பார்த்தவர்கள் ஆயிற்றே.

உத்தமபாளையத்து அம்மாவின் மகனே தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் விட்டார். தம்பி வாசலில் நின்றான். என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டான். அறையில் இருந்த நர்ஸ் மலையாளி. கட்டப்பனையாம். எங்கள் ஊரிலிருந்து மலையேறி இறங்கினால் அவள் ஊர். சேனைக்கென்று கொண்டு வந்த கல்கண்டை நான் எடுப்பதற்குள்ளேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "வேறொண்ணும் கொடுக்கண்டா சேச்சி. அம்மேடெ பால் மாத்ரம் மதி" என்றாள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்கிறாள். பிறந்தவுடனே தாய்ப்பால் கொடுத்தும் ஆகிவிட்டதாம். தம்பி என் முகத்தைப் பயத்தோடு பார்த்தான், நான் அவளோடு மல்லுக்கு நிற்பேன் என்று. நான் ஏன் நிற்கிறேன்? அளவு மீறி மருந்து ஊற்றுகிறவனைத் திட்டியே பிழைக்கிறவள் நான். "சரி மோளே, தாய்ப்பாலையே ஒரு துளி தொட்டு வைக்கலாமா?" என்று கேட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள் என்றாள்.

தம்பி மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய பிள்ளை, முகம் மட்டும் தெரிந்தது. "வாங்க மதினி" என்றாள். வழக்கம்போலப் பாதிதான் கேட்டது.

நான் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். "இந்தா புள்ள, இந்த அம்மா நம்ம உத்தமபாளையம். தங்கமான மனசு. காலையில இருந்து பாக்குறேன், ஒரு வார்த்த முகம் சுழிச்சுப் பேசல. இவுக வைக்கட்டும்."

அவள் உத்தமபாளையத்து அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த வீடியோவ ஒங்க தம்பி காட்டுனாக மதினி. ரெண்டு வலிக்கு நடுவுல பாத்தேன்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "என்னத்தச் சொல்ல? வந்துருச்சு புள்ள. ஒரு மாசமா அடக்கித்தேன் வச்சிருந்தேன், சத்தியமா. இன்னிக்குப் பாத்து..."

"எதுக்கு அடக்குனீக?"

நான் நிமிர்ந்தேன்.

"எதுக்கு மதினி அடக்குனீக?" இந்த முறை அறை முழுவதும் கேட்டது. நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குச் சேனை வச்சவுக ரொம்பச் சாந்தமானவுகளாம். எங்கம்மா பெருமையாச் சொல்லும். காலேஜுக்கு வேணாம்னாக, தலையாட்டுனேன். ஒங்க தம்பியக் கட்டிக்கன்னாக, தலையாட்டுனேன். அது ஒண்ணுதேன் நல்லபடியாப் போச்சு. புள்ள இல்லன்னு விசேச வீட்டுல சந்தனத்தக்கூடத் தொடக் கூடாதுன்னு ஓரமா உக்கார வச்சாக. அதுக்கும் தலையத்தேன் ஆட்டுனேன். இன்னிக்கு அந்த வீடியோவுல அந்தப் புள்ள கழுத்து அட்டைய எவனோ புடிச்சு இழுக்குறான், அது சாரி சாரிங்குது. நான்தேன் அது மதினி. எம்மகளும் அப்பிடி நிக்கக் கூடாது. அதுக்குத்தேன் ஒங்களக் கேட்டேன். தெரிஞ்சுதேன் கேட்டேன்."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உத்தமபாளையத்து அம்மா என் முதுகில் கை வைத்துக் கட்டில் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினார்கள்.

சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அவள் ஒரு துளி பாலை என் விரலில் விட்டாள். என் வாழ்நாள் முழுக்க எல்லோரும் என்னிடமிருந்து களைந்துவிடப் பார்த்ததை ஒருத்தி தன் பிள்ளைக்கென்று கேட்டு வாங்குகிறாள். குனிந்து, அந்தச் சின்ன நாக்கில் விரலை வைத்தேன். ஒரு பொட்டுகூட மிச்சம் பிடிக்காமல் வைத்தேன்.